கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம்

தம்பி, அந்தப் பக்கம் உக்காராதீங்க. இங்கன வாங்க, டிரைவர் பக்கம். மேக்க போற வண்டி, மணி மூணாகப் போவுது, சூரியன் தெக்க சாஞ்சிருக்கும். இந்தப் பக்கம் அம்பாசமுத்திரம் வரைக்கும் பொட்டு வெயில் விழாது. சும்மா சொல்லல, மொட்டை மாடியில குச்சி நட்டு நிழலை அளந்து குறிச்சு வச்சிருக்கேன். மார்கழி மாசம் முப்பது நாளும் அளந்தேன். வாங்க, வாங்க. எல்லாரும் ஆட்டு மந்தை மாதிரி அந்தப் பக்கமே போயி ஏறுதானுவ. ஒருத்தனுக்காவது யோசனை இருக்கா?

இந்தக் குழாயைக் கொஞ்சம் பிடிங்க. நசுக்கிராதீங்க, உள்ள படம் இருக்கு. நான் போட்ட படம். முப்பத்தி நாலு வருஷம் சர்க்கார் ஆபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேன், கட்டிடத்துக்கு வரைபடம் போடுத வேலை. பேரு நயினார். ஆபீஸ்ல ‘ஸ்கேல் நயினார்’னு சொல்லுவாங்க. மரியாதையாத்தான் சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கேன்.

நீங்க அம்பைக்கா, அதான் அம்பாசமுத்திரத்துக்கா? நான் வீரவநல்லூர்ல எறங்கிருவேன். வீட்டுக்காரியைக் கூட்டியாரப் போறேன். அவ தம்பி வீட்டுக்குப் போயி இருபத்திரெண்டு நாளாச்சு. சண்டையான்னு கேக்காதீங்க, சண்டை போடுத ஆளே இல்ல அவ. விஷயம் ஒரு ஃபேன், தம்பி. சீலிங் ஃபேன். அது வெயில் காலத்துல எந்தப் பக்கம் சுத்தணுங்கிறதுதான் விஷயம். சிரிக்கீங்களா? சிரிங்க. எஸ்தர் டீச்சர்கூட இப்படித்தான் சிரிச்சா. டீச்சர் யாருன்னு பொறவு சொல்லுதேன்.

இன்னைக்கு மத்தியானம் என் மச்சினன் நம்பிராஜன் போன் போட்டான். ‘அத்தான், அக்காவுக்கு மாடி ரூமை ஒழிச்சுக் குடுத்துட்டோம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு முன்னால இருக்க கடையில ஒரு ஃபேன் எடுத்துட்டு வந்து மாட்டப் போறோம். தானே பாத்து எடுக்கணும்னு அக்கா சொல்லிட்டா’ங்கான். ‘கோவிச்சுக்கிடாதீங்க’ன்னு வேற ஒரு சொல்லு.

நீங்களே சொல்லுங்க. ஒரு பொம்பள பொறந்த வீட்டுக்குப் போயி பத்து நாள் இருக்கலாம், ஒரு மாசம் இருக்கலாம். கொடியில சேலை காயுதுன்னா மடிச்சு எடுத்துட்டு வந்திரலாம். ஃபேனை மாட்டிட்டான்னா? கொக்கியில மாட்டினது மாட்டினதுதான். பொறவு அவ வர மாட்டா. அதான் தின்னுக்கிட்டிருந்த சோத்தைப் பாதியில வச்சுட்டு வண்டி ஏறிட்டேன். அந்த ஃபேன் கூரைக்கு ஏறுததுக்குள்ள நான் போயாகணும்.

வெயில் லேசா விழுதோ? ஒண்ணுமில்ல, இது தருவை வளைவு. தாண்டினா மாறிரும்.

கதையை மொதல்ல இருந்து சொல்லுதேன் கேளுங்க. பாளையங்கோட்டையில எங்க வீடு. மேல வீடு கெடையாது, வெறும் காங்கிரீட் மொட்டை மாடிதான். சித்திரை வந்துட்டுன்னா உள்ள ரொட்டி சுடலாம். பங்குனிக் கடைசியில மக வடிவு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ஃபேன் அனுப்பி வச்சா. புதுமாடல், ரிமோட்டு வச்சது. ‘அம்மாவுக்கு வெக்கை தாங்காதுப்பா’ன்னா. எனக்குத் தாங்குமான்னு கேக்கல. சரி, பொம்பளப் பிள்ளைக அப்படித்தான்.

எலக்ட்ரீசியன் இசக்கி வந்து மாட்டினான். காத்துன்னா காத்து, சுவத்துல கெடந்த காலண்டர் ஆணியோட கழண்டு விழுந்துட்டு. ஆவுடை, அதான் என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள், கட்டில்ல மல்லாந்து படுத்து முகத்தைத் தூக்கிக் காட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டே ‘என் மக நல்லாருக்கணும்’னா. மூணு நாள் அப்படி ஒரு சிரிச்ச முகம். ஒரு காத்துக்கு மனுஷி இம்புட்டு சந்தோசப்படணுமான்னு இருந்துச்சு எனக்கு.

நாலாம் நாள் புஸ்தகத்தை எடுத்தேன். எந்தச் சாமான் வாங்கினாலும் கூட வார புஸ்தகத்தை அட்டைக்கு அட்டை வாசிச்சிருவேன், சிவப்புப் பென்சிலும் கையுமா. மிக்சி புஸ்தகத்துல மூணு எழுத்துப்பிழை கண்டுபிடிச்சு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன். பதில்தான் வரல. இந்தப் புஸ்தகத்துல பதினோராம் பக்கம் ஒரு வரி. வெயில் காலத்துல ஃபேன் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தணும், குளிர் காலத்துல கடிகாரம் சுத்துத பக்கம் சுத்தணும், மாத்துததுக்கு ரிமோட்டுல ரிவர்ஸ் பட்டன் இருக்கு. அம்புட்டுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஃபேனுக்குத் திசை உண்டுன்னு இத்தனை வருஷம் ஒரு பய சொன்னானா?

உடனே பேப்பரை விரிச்சு ரூமுக்கு பிளான் போட்டேன். பிளான்னா என்ன தம்பி? மேல இருந்து பாக்கது. கூரையைக் கழட்டி வச்சுட்டு ஆகாசத்துல நின்னு குனிஞ்சு பாத்தா எப்படித் தெரியுமோ அது. முப்பத்தி நாலு வருஷம் நான் இந்த உலகத்தை அப்படித்தான் பாத்திருக்கேன். கட்டில் போட்டேன், பீரோ போட்டேன், நடுவுல ஃபேனைப் போட்டு அது சுத்துத பக்கம் ஒரு அம்பு போட்டேன். பாத்தா, இசக்கி மாட்டின ஃபேன் கடிகாரம் போற பக்கமே சுத்துது! மார்கழிக் குளிருக்குச் சுத்துத மாதிரி சித்திரையில சுத்திக்கிட்டிருக்கு! அதுல என்ன கொடுமைன்னா, அடுத்த வீட்டு ஃபேனும் அப்படித்தான், ரேஷன் கடை ஃபேனும் அப்படித்தான். ஊரு பூராத் தப்பாச் சுத்துது, ஒருத்தருக்கும் தெரியல. ரிவர்ஸ் பட்டனை அமுக்கினேன்.

அஞ்சு நிமிஷம் ஆகல, ‘என்னங்க, காத்து வரலையே’ங்கா.

‘காத்து வரக்கூடாதுட்டி. வெக்கை மேல போகணும். அதான் முறை’ன்னேன்.

‘மேல போன வெக்கை எங்க போவும்? மேல காங்கிரீட்டுல்லா இருக்கு?’ன்னா.

இது ஒரு கேள்வியா? ஊதுபத்தியைப் பொருத்தி ஃபேனுக்குக் கீழ பிடிச்சேன். புகை நேரா மேல போச்சு. ‘பாத்தியா? புகை போற மாதிரிதான் வெக்கையும் போகும்’னேன். அவ ஊதுபத்தியைப் பாத்தா, என்னையப் பாத்தா. ‘சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி’ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

இசக்கியைக் கூப்பிட்டு விட்டா, எனக்குத் தெரியாம. அவன் வந்து அண்ணாந்து பாத்துட்டு, ‘சார், அந்தப் பட்டனைத் தொடாதீங்க, முந்தி இருந்ததுதான் சரி’ன்னான். ‘புஸ்தகம் வாசிச்சியாடே?’ன்னேன். ‘இல்ல சார்’னான். ‘பொறவு என்ன?’ன்னேன். போயிட்டான். வடிவு போன்ல ‘அப்பா, நீங்க புடிச்ச முயலுக்கு மூணு கால்’னா. மூணு காலா இருந்தா நான் என்னம்மா செய்ய? எண்ணிப் பாத்துத்தான சொல்லுதேன்?

எனக்கு அவமேல கோவம் வந்தது இதுக்கெல்லாம் இல்ல தம்பி. விசிறிக்குத்தான். பனையோலை விசிறி ஒண்ணு வாங்கிட்டு வந்தா. ஃபேன் ஓடுது, அதுக்கு நேர் கீழ உக்காந்துக்கிட்டு விசிறியால வீசுதா! அடுத்த வீட்டு எஸ்தர் டீச்சர் வந்து எட்டிப் பாத்துட்டு ‘கரண்டு போயிட்டாக்கா?’ன்னு கேக்கா. மேல ஃபேன் சுத்துததைப் பாத்துட்டு ஒரு சிரிப்பு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? மானத்தை வாங்குததுக்குன்னே வாங்கின விசிறி அது.

நான் கோயிலுக்கு, கடைக்குப் போற நேரம் பாத்து ரிவர்ஸை மாத்தி வச்சிருவா. நான் வந்து பாத்தா காலண்டர் ஆடும். அதுலயே தெரிஞ்சுபோவும். அதுல இருந்து ரிமோட்டைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டேன். இந்தா, இதுதான். செல்போன் இல்ல. குளிக்கப் போனாக்கூட கொண்டு போவேன். சுவத்து சுவிட்சுல போடலாம், அணைக்கலாம். திசையை மாத்தணும்னா இது வேணும்.

என்னது, இன்னும் வெயில் அடிக்கா? அடிக்கத்தான் செய்யுது. டிரைவர் எதையோ சுத்திக்கிட்டுப் போறான் போல. பத்தமடை வரட்டும், பாருங்க.

அவ அப்படித்தான் தம்பி, எதையும் யோசிச்சுக் கேக்க மாட்டா, தோணுனதைக் கேப்பா. வீடு கட்டும்போது அடுப்படியில மேக்க ஒரு ஜன்னல் வேணும்னா. பொதிகைக் காத்து வருமாம். பிளான்ல அந்த எடத்துல அலமாரி. பிளான் முடிஞ்ச பொறவு மாத்த முடியுமா? அலமாரிதான் வச்சேன். இருபத்தொம்பது வருஷமாச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. மறந்திருப்பா. இவ போன பொறவு காப்பித்தூளைத் தேடிக்கிட்டு அந்த அலமாரியைத் திறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரு டப்பாகூட இல்ல. இருபத்தொம்பது வருஷமா அவ ஒரு சாமான் அதுல வச்சதில்ல போலிருக்கு. எம்புட்டு எடத்தை வீணாக்கியிருக்கா பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், ரிமோட்டு. அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச மூணாம் நாள் தென்காசியில ஒரு கல்யாணம். அவ வரல, மேலுக்கு முடியலன்னா. நான் மட்டும் போனேன். ரிமோட்டு என் சட்டைப் பையில. அங்க கல்யாண மண்டபத்துல முப்பத்தாறு ஃபேன், அத்தனையும் தப்பாச் சுத்துது. மேனேஜர்கிட்ட சொன்னேன், ‘சாப்பிட்டீங்களா சார்?’ங்கான்.

சாயங்காலம் வந்து பாத்தா வீடு திறந்து கெடக்கு, ஆளில்ல. கட்டில்கிட்ட தண்ணிச் செம்பு உருண்டு கெடக்கு. மேல ஃபேன் சுத்திக்கிட்டிருக்கு, வெக்கை அப்படியே நிக்கு. ‘ஆவுடை, ஆவுடை’ன்னு வளவு பூராக் கத்திக்கிட்டே ஓடுதேன். செருப்புகூட போடல. டீச்சர்தான் வாசல்ல நின்னு ‘இங்க இருக்காங்க, சத்தம் போடாதீங்க’ன்னா. மத்தியானம் கட்டிலை விட்டு எந்திரிச்சவ தலை சுத்தி விழுந்திருக்கா. சத்தம் கேட்டு டீச்சர் போயி, தூக்கிட்டு வந்து, உப்பும் சீனியும் கரைச்சுக் குடுத்து, அவ வீட்டுக் கட்டில்ல போட்டிருக்கா. மேல ஒரு பழைய ஃபேன், டர்டர்னு சத்தம். அதுக்குக் கீழ ஆவுடை தூங்குதா. பிள்ளை தூங்குத மாதிரி.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பொய் சொல்லல. அவ கையைத் தொட்டுப் பாத்தேன், குளுந்து இருந்துச்சு. முழிச்சா. என்னையவே பாத்தா. ஏதாவது பேசணும்லா? ‘டீச்சர் வீட்டு ஃபேனும் தப்பாத்தான் சுத்துது’ன்னேன்.

அதுக்குத்தான் தம்பி, கேட்டா. சத்தமே போடல. ‘மாட்டின நாள்ல இருந்து, காத்து வருதா ஆவுடைன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?’ன்னா.

விடிஞ்சதும் பெட்டியை எடுத்துட்டு வீரவநல்லூருக்கு வண்டி ஏறிட்டா. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், அந்தக் கேள்விக்கு அர்த்தம் பிடிபடல. புஸ்தகத்துல போட்டிருக்கு, பிளான் போட்டாச்சு, ஊதுபத்தி வச்சுக் காட்டியாச்சு. அவளைக் கேக்கதுக்கு இதுல என்ன இருக்கு?

விசிறியை விட்டுட்டுப் போயிட்டா. இந்தப் பையில இருக்கு, குடுத்திரலாம்னு கொண்டாந்தேன். ஓரம் பிஞ்சிருக்கா? நான் கொஞ்சம் வீசினேன். வெக்கைக்கு இல்ல தம்பி. கொசுவுக்கு. பகல்லயும் கொசு வருதுல்லா.

சேரன்மாதேவி தாண்டிட்டா? அடுத்தது வீரவநல்லூர். பத்தமடை வந்ததும் மாறிரும்னு சொன்னேன்லா, மாறலதான். உங்களுக்கு முகமெல்லாம் செவந்து போச்சே. அந்தப் பக்கம் எடமும் இல்ல இப்ப. ஒண்ணு செய்யுங்க, அந்தக் குழாயில இருக்க படத்தை எடுத்து ஜன்னல்ல பிடிங்க, மறைப்பா இருக்கும். டிரேசிங் பேப்பர்தான், அந்தால வெளிச்சம் தெரியும், இருந்தாலும் கொஞ்சம் தாங்கும். மச்சினன் முன்னால விரிச்சுக் காட்டுததுக்குன்னு ரெண்டு நாள் உக்காந்து போட்டேன். கட்டில், பீரோ, ஃபேன், சிவப்பு மையில அம்பு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க, ஒரு மயிரிழை பிசகாது. நல்லா விரிச்சுப் பிடிங்க.

யாரு தம்பி இதை மாத்தி வரைஞ்சது?

அம்பைப் பாருங்க. கடிகாரம் போற பக்கமால்லா போவுது? நான் எதிர்ப்பக்கம் போட்டேன். சத்தியமா எதிர்ப்பக்கம் போட்டேன். எழுத்தெல்லாம்கூட எடம் வலமாக் கெடக்கு. என்னது? பின்பக்கமாப் பிடிச்சிருக்கீங்களா? மை போட்ட பக்கம் வெளிய பாத்து இருக்கா? சரி, அதான பாத்தேன். அதனாலதான் அம்பு மாறித் தெரியுது. திருப்பிப் பிடிங்க.

இல்ல, என்ன சொன்னீங்க இப்ப? திருப்பிச் சொல்லுங்க. ‘கட்டில்ல படுத்து மேல பாக்கவங்களுக்கு இப்படித்தான சார் தெரியும்?’

…

தம்பி, கொஞ்சம் தண்ணி இருக்கா?

அந்தப் புஸ்தகம் எழுதினவன் மேல கேஸ் போடணும். ‘கீழ இருந்து பாக்கும்போது’ன்னு ஒரு வார்த்தை எழுதினா என்ன கொள்ளையா போயிரும்? பதினோராம் பக்கத்துல எம்புட்டு வெள்ளை எடம் கெடந்துச்சு! நாளைக்கே கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதுதேன். அட தம்பி, யாரு ஃபேனை மேல இருந்து பாப்பான்னா கேக்கீங்க? கேளுங்க. அதையும் கேளுங்க.

சரி, இப்ப ஆக வேண்டியதைப் பாப்போம். இது ஆவுடைக்குத் தெரிய வேண்டாம். நான் போயி என்ன சொல்லப் போறேன்னா, ‘அக்னி நட்சத்திரம் முடியப் போவுது, காலம் மாறுது, இனிமே ஃபேனைத் திருப்பிக்கிடலாம்னு புஸ்தகத்துல போட்டிருக்கு’ன்னு சொல்லிருவேன். ரிமோட்டையும் குடுத்திருவேன். காத்து வந்திரும், அவளும் வந்திருவா. நான் தப்புன்னு ஆகாது, அவளுக்கும் வேண்டியது கெடைச்சிரும். எப்படி?

ஏன் தலையை ஆட்டுதீங்க? தப்புன்னு சொல்லிரணுமாக்கும்? உங்களுக்கு வயசு முப்பது இருக்குமா? எனக்கு அறுபத்தேழு. இத்தனை வருஷம் சொல்லாத வார்த்தையை இப்ப சொல்லப் போனா வாயி கோணிக்கிடும். அவளும் அதைக் கேட்டாளா? அவ கேட்டது வேறல்லா? ‘தப்புன்னு ஒத்துக்கிடுங்க’ன்னு அவ கேக்கவே இல்லையே. காத்து வருதான்னு ஒரு வார்த்தை கேட்டீகளான்னுதான் கேட்டா.

அந்தால ஊரு வந்துட்டு. கண்டக்டர், எறக்கம் இருக்கு! அவசரப்படுத்தாதீங்கய்யா, கால் மரத்துப் போச்சு. தம்பி, குனிஞ்சு இந்தப் பக்கம் பாருங்க. அந்த எலக்ட்ரிக்கல் கடை. வாசல்ல அட்டைப்பெட்டியும் கையுமா நிக்கது நம்பிராஜன். எடுத்துட்டாங்க போலிருக்கே! இல்ல, இல்ல, பெட்டியைக் கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுக்கான். அது பிடிக்கல போல. உள்ள பாருங்க, நீலச் சேலை. ஆவுடை. ஓடிக்கிட்டிருக்க ஃபேனுக்குக் கீழ நிக்கா. ஒண்ணு ஒண்ணுக்குக் கீழயும் போயி நின்னு பாக்கா. இந்தா, இதுகிட்ட நின்னுட்டா. முகத்தைத் தூக்கிக் காட்டுதா. கண்ணை மூடிட்டா.

சிரிக்கா தம்பி. அந்த மூணு நாள் சிரிச்ச மாதிரியே சிரிக்கா.

இது பிடிச்சுப் போச்சு அவளுக்கு, எடுத்திருவா. விடுங்க, வழி விடுங்க. படம் எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க, அம்பை வரைக்கும் வெயிலுக்கு ஆவும். எடம் காலியானா அந்தப் பக்கம் மாறி உக்காந்துருங்க, நான் அளந்தது மார்கழி வெயிலை, நான் சொன்னேன்னு இங்கயே வேகாதீங்க. பை இருக்கு, விசிறி இருக்கு, ரிமோட்டு இருக்கு. என்ன சொல்லணும்னு நினைச்சேன்? காலம் மாறுது, புஸ்தகத்துல போட்டிருக்கு… சை, பஸ் சத்தத்துல எல்லாம் மறந்துட்டு.

ஆவுடை! ஏட்டி ஆவுடை! இங்க, இங்க பாரு, நான்தான்! அங்க… அங்க காத்து வருதா?